கறுப்புக் குதிரை வைத்திருந்த காண்ட்ராக்டர்

போன வியாழக்கிழமை காலாப்பட்டிலிருந்து ஒரு வாசகர் என் வீடு தேடி வந்திருந்தார். பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் வழி கேட்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தவர். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறாராம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே காபி போடச் சொன்னேன்.

அவர் வந்தது அதற்கில்லை.

"சார், நீங்க பழைய வீட்டை இடிச்சுட்டுத்தானே இதைக் கட்டினீங்க? இடிச்ச காண்ட்ராக்டர் யாருன்னு சொன்னீங்கன்னா எனக்கும் தோதா இருக்கும். எங்க வீடும் எப்ப விழுமோன்னு நிக்குது. இடிச்சு, மனையைச் சுத்தம் பண்ணிக் குடுக்கணும். அவ்ளோதான் வேலை."

அவ்வளவுதான்! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்... நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

காபி ஆறுகிறது என்றேன். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டேன். மனுஷர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கிப் போய்க் கிளம்பிவிட்டார். காலாப்பட்டு நண்பரே, மன்னியுங்கள். அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

எங்கள் பழைய வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒரு பக்கத்துச் சுவர் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. அந்தப் பொதுச்சுவருக்கு எங்கள் தெருவில் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சு வார்த்தையைத்தான் சொல்வார்கள் — மித்வாயேன். யார் கட்டினது என்று கேட்கக்கூடாது. மித்வாயேன் என்றால் இரண்டு பேருக்கும் சொந்தம். ஆணி அடிப்பதாக இருந்தால்கூட அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடிப்போம்.

அந்தப் பக்கம் இருந்தவர் லெயோன். மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் கிடையாது. அவரும் அவர் மனைவி ரொசாலி அம்மாவும் மட்டும்தான். மில்லுக்கு வரும் மெஷின் காகிதமெல்லாம் பிரெஞ்சில் வருமாம். அதையெல்லாம் படித்துப் படித்து அவருக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்டபாடு. தெருவில் எல்லாரும் அவரை ஐயா என்பதற்குப் பதில் 'முசே' என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கும் பிரெஞ்சு தெரியும் என்று ஒரு நினைப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவன். தெருவில் யாருக்காவது பிரெஞ்சுக் கடிதம் வந்தால் நானே முன்னால் போய் நிற்பேன். ஒரு தடவை ஒரு பட்டாளத்துக்காரரின் விதவைக்கு பென்ஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வாங்கிப் படித்தேன். "பென்ஷனை நிறுத்திட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் தெருவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். லெயோன் வெளியே வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அழாதம்மா. நீ உயிரோட இருக்கியான்னு சர்டிஃபிகேட் கேட்டிருக்கான். அவ்ளோதான். ஆள் இருக்கியே, போய்க் காட்டிட்டு வா."

தெருவே சிரித்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்டல் பண்ணவும் இல்லை. ஆனால் எனக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து லெயோன் எதிரில் நான் பிரெஞ்சு பக்கமே போவதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மழையில் எங்கள் வீட்டின் முன்கட்டு உட்கார்ந்துவிட்டது. உத்தரங்களைத் தட்டினால் கரையான் மாவாகக் கொட்டியது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தோம். குடும்பத்தைக் கருவடிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினேன். அலைந்து திரிந்து சிமெண்ட் பர்மிட்டும் வாங்கிவிட்டேன். அந்த நாளில் சிமெண்ட் பர்மிட் கையில் இருந்தால் அவன் ராஜா... ஆனால் காலக்கெடு முடிவதற்குள் சிமெண்டை எடுத்தாகவேண்டும். அதற்குள் மனை காலியாக வேண்டும்.

லெயோன் இடிப்பதற்கு மறுப்பு எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, தாராளமா இடிச்சுக் கட்டு. ஆனா இந்த மித்வாயேன் மேலதான் என் வீட்டு உத்தரமும் உக்காந்திருக்கு. வேலை தெரிஞ்ச ஆளா வச்சுக்கோ. மத்தியானத்துல நான் இந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட்டுப் படுக்கறேன்."

"அதெல்லாம் பாத்துக்கறேன் முசே" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது இந்த வார்த்தை!

என் மைத்துனன் சேகர் அப்போது ஒரு ஆபீஸில் ஜூனியர் இஞ்சினியர். அவனும் அதையேதான் சொன்னான். "மாமா, கட்டறதுக்கு யாரை வேணா வைங்க. இடிக்கறதுக்கு மட்டும் பொதுப்பணித் துறையில பதிவு பண்ண காண்ட்ராக்டரா பாருங்க. பதிவு நம்பர் என்னா, அது இப்ப செல்லுமா, அவன் பேர்லதான் இருக்கா — மூணையும் கேட்டுட்டு வாசப்படி ஏத்துங்க."

சொன்னதோடு நில்லாமல் அப்படி ஒரு ஆளை அழைத்தும் வந்தான். அந்தக் காண்ட்ராக்டர் டேப் பிடித்தார். சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். லெயோன் வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து, "பக்கத்து வீட்டு உத்தரத்துக்கு முதல்ல முட்டுக் குடுக்கணும் சார். அவங்க ஒரு வாரம் வேற எங்கயாவது இருக்கணும். பொதுச்சுவரை மேலேர்ந்து கல்லு கல்லாத்தான் எடுக்கணும். இப்ப வேற வேலை நடக்குது, ஒரு மாசம் கழிச்சு வர்றேன்" என்றார்.

ஒரு மாசமா? என் பர்மிட் என்ன ஆவது? இடிக்கிற வீட்டுக்கு இத்தனை சீராட்டா? எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஆள் வேலையை வளர்க்கிறார் என்று வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, "அவருக்குத் தெரிஞ்சதைச் சொல்றாரு" என்றாள். நான் கேட்கவில்லை.

அப்போதுதான் சவேரி வந்தார்.

சவேரிக்கு நாற்பது வயதிருக்கும். பளிச்சென்று சட்டை, பணிவான பேச்சு. காலாப்பட்டுப் பக்கம் இரண்டு மண் சுவர் வீடும் ஒரு தகரக் கொட்டகையும் இடித்திருக்கிறாராம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அஞ்சு நாள் சார். ஆறாம் நாள் நீங்க கடக்கால் தோண்டலாம்" என்றார்.

எனக்குச் சேகர் சொன்னது ஞாபகம் வந்தது. பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கத்தான் கேட்டேன் ஐயா, அதை மறுக்க முடியாது.

"இன்னா சார் அப்டிக் கேட்டுட்டீங்க? எங்க தாத்தா காலத்துலேர்ந்து காண்ட்ராக்ட் குடும்பம் சார். பிரெஞ்சு சர்க்கார் குடுத்த பேப்பர் இருக்குது." மறுநாள் ஒரு தகர டப்பாவைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த காகிதத்தை எடுத்தார். பழுப்பேறிய கனமான தாள். மேலே முத்திரை. அடியில் சுழித்துச் சுழித்து ஒரு பெரிய கையெழுத்து. எங்கள் ஊரில் அந்த முத்திரைக்கு இருக்கிற மரியாதையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷம் ஆனால் என்ன, அவன் முத்திரை குத்தின காகிதத்தைக் கண்டால் எங்கள் முதுகு தானாக நிமிரும்.

என் முதுகும் நிமிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். சவேரியின் தாத்தா பெயர். தொழில் என்ற இடத்தில் — 'ஆந்த்ரப்ரனேர்'. அதற்குக் காண்ட்ராக்டர் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த வார்த்தை! அடுத்து 'தெ போம்ப்' என்று இருந்தது. போம்ப் என்றால் பம்பு. அதுவும் எனக்குத் தெரியும். அதற்கடுத்த வார்த்தை காகிதத்தின் மடிப்பில் சிக்கி அழிந்து போயிருந்தது. கடைசி நாலு எழுத்துத்தான் மிச்சம்.

"ஓ... உங்க தாத்தா பம்பு காண்ட்ராக்டும் எடுத்திருக்காரே" என்றேன்.

"எல்லாமே பண்ணாராம் சார். நான் அவரைப் பாத்ததில்ல, எங்கப்பா சின்னப் புள்ளையா இருக்கறப்பவே போயிட்டாரு. பெரிய ஆளாம். ரெண்டு கறுப்புக் குதிரை வச்சிருந்தாராம். பெரிய பெரிய வெள்ளைக்காரன் வீட்டுலேர்ந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்புடுவாங்களாம். வேலை முடிஞ்சப்புறம் ஒருத்தர் ஒரு குறை சொன்னது கிடையாதாம் சார்!"

குதிரை வைத்த காண்ட்ராக்டரின் பேரன்! இதற்கு மேல் என்ன வேண்டும்? இருந்தாலும் ஒரு நிமிஷம், அந்த அழிந்த வார்த்தை என்னவென்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. பத்து அடி நடந்தால் லெயோன் வீடு. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

போகவில்லை. பென்ஷன் கடிதம் ஞாபகம் வந்தது. தெரு சிரித்தது ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியாத பிரெஞ்சா என்று காகிதத்தை மடித்துச் சவேரியிடம் கொடுத்துவிட்டேன். "எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன்.

முதல் மூன்று நாள் வேலை ஜோராக நடந்தது. தளம் இறங்கியது, உள்சுவர்கள் இறங்கின. தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பொதுச்சுவரை ஐந்தாம் நாள் காலையில் எடுப்பதாகப் பேச்சு. அன்றைக்கு நான் லீவு போட்டு நிற்பதென்றும், லெயோனும் ரொசாலி அம்மாவும் ஒரு உறவுக்காரர் வீட்டில் இருப்பதென்றும் சொல்லி வைத்திருந்தோம்.

நாலாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. சவேரிக்குப் பயம் — மழையில் நனைந்த சுவர் தானாக விழுந்து யாரையாவது அடித்துவிடப் போகிறதே என்று. நல்லெண்ணம்தான். மேலிருந்து கல்லு கல்லாக எடுக்க நேரமில்லை என்று சுவரின் அடியைக் கொத்தி, கயிறு கட்டி, எங்கள் பக்கம் சாய்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். மண் சுவரை அப்படித்தான் சாய்ப்பார்களாம். மண் சுவருக்கு அந்தப் பக்கம் உத்தரம் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சுவர் எங்கள் பக்கம்தான் சாய்ந்தது. லெயோன் வீட்டு உத்தரம் அவர்கள் பக்கம் இறங்கியது.

எங்கள் ஆபீஸில் இருந்த ஒரே டெலிபோன் மேனேஜர் மேஜையில். அவர் என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தபோதே அவர் முகம் சரியில்லை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெருவுக்கு வந்து சேர்வதற்குள் லெயோனைக் கட்டிலோடு வெளியே தூக்கி வந்திருந்தார்கள். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகத் தூசி. கண்ணை மட்டும் விழித்துப் பார்த்தார். ரொசாலி அம்மா சமையல்கட்டில் இருந்ததால் தப்பித்தார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். யாரும் அதை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. சவேரி கல் குவியல் மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் முறிந்திருந்தன. காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். போலீஸ் வந்து கேட்டபோது லெயோன், "பழைய சுவர், விழுந்துச்சு" என்றார். அதோடு முடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரே கேட்டார். "அந்த ஆளுகிட்ட ஏதோ பிரெஞ்சு பேப்பர் இருந்துச்சாமே. பம்பு காண்ட்ராக்டுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க."

அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. "இனிமே இந்தத் தொழிலே வேணாம் சார், இதை நீங்களே வச்சுக்கோங்க" என்று சவேரி அழுதுகொண்டே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்து நீட்டினேன். ரொசாலி அம்மா கண்ணாடியை மாட்டிவிட்டார். லெயோன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பை விரலால் மெல்ல நீவி, ஒரே ஒரு தரம் படித்தார்.

சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இடுப்பைப் பிடித்து இழுத்தது, வலியில் முனகினார். முனகிக்கொண்டே மறுபடி சிரித்தார்.

"தம்பி... இது பம்பு இல்ல. போம்ப் ஃபுனேப்ர். சாவு காண்ட்ராக்ட். பொட்டி செஞ்சு, வண்டி கட்டி, கல்லறைக்குக் கொண்டு போய்ச் சேக்கறவன்."

"அப்ப அந்தக் கறுப்புக் குதிரை...?"

"சவ வண்டிக் குதிரைப்பா அது!"

வேலை முடிந்தபின் ஒருத்தரும் ஏன் குறை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சவேரி பொய் சொல்லவில்லை, ஐயா. பாவம், அந்த மனுஷருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் நம்பினார். படிக்கத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு நான் ஒருத்தன் படித்துக் காட்டினேனே... அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்தியது நான்தான்.

லெயோன் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பு அடங்கியிருந்தது. "என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமேப்பா. பக்கத்துலதானே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஏன் காட்டவில்லை என்று நான் என்ன சொல்ல? பென்ஷன் கடிதத்தைச் சொல்ல முடியுமா? அவருக்கு அது ஞாபகம்கூட இருந்திருக்காது. நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கிய நோயாளிகள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று அழுதேன். அங்கே அழுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காலாப்பட்டு நண்பரே, உங்களுக்கு யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அதை நீங்களே பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். கொடுத்த ஆபீஸுக்கே போய், இது செல்லுமா, இந்த ஆள்தானா, இந்த வேலைக்குத்தானா என்று விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள் — அவரிடம் உங்களுக்கு மனஸ்தாபம் இருந்தால் அவசியம் காட்டுங்கள். வேலை ஆரம்பிக்க ஒரு மாசம் ஆகும் என்று சொல்கிறவரிடம் கோபப்படாதீர்கள். எதற்கு ஒரு மாசம் என்று நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். என் சிமெண்ட் பர்மிட்டும் கடைசியில் காலாவதியாகித்தான் போயிற்று.

லெயோன் வீட்டுக்கு வந்தார். ஆனால் எழுந்து நடக்கவில்லை. சேகர் அழைத்து வந்தானே, அந்தப் பதிவுள்ள காண்ட்ராக்டர், அவரே வந்து முட்டுக் கொடுத்து அந்த வீட்டுக் கூரையைச் சரி செய்துகொடுத்தார். இப்போது இரண்டு வீட்டுக்கும் தனித்தனிச் சுவர். நடுவில் ஒரு முழம் இடைவெளி. மித்வாயேன் என்ற வார்த்தையை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் சொல்வதில்லை.

லெயோன் ஏழு மாசம் படுக்கையில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலையில் போய்விட்டார். "அவரு ஒன்ன ஒண்ணும் நெனைக்கல தம்பி" என்று ரொசாலி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இன்றைக்கும் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், "காபி ஆச்சா தம்பி?" என்று கேட்கிறார். ஆச்சும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அடக்கத்தன்று யாரும் சொல்லி அனுப்பாமலே சவேரி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. கண் சிவந்திருந்தது. லெயோன் வீட்டு நடை குறுகல். திருப்பத்தில் பெட்டியைத் திருப்ப முடியாமல் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். சவேரி முன்னால் போய் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார்.

"மெதுவா... தலைப்பக்கம் ஒசத்து. நில்லு. அவசரப்படாத. சுவத்துல இடிக்கக்கூடாது... பாத்து, பாத்து. ஆங், இப்ப வா."

பெட்டி ஒரு கீறல் இல்லாமல் தெருவுக்கு வந்தது. லெயோன் ஒரு குறையும் சொல்லவில்லை.